4 காணோம்னு குதிச்சேன், முதல் தடவை கம்பி கவுத்துடுச்சு

டிஎன்ஏ மாதிரி சுருட்டின ரெண்டு கம்பி மேல லேசர் அடிச்சா சுவத்துல விழற கோடுகள்ல, நேத்து ராத்திரி ஒருவழியா 4வது கோடு காணாமப் போச்சு. நிஜமாவே போச்சு. போன மாசம் இதே மாதிரி குதிச்சு அசிங்கப்பட்டதால இந்தத் தடவை மூணு தரம் சரிபார்த்துட்டுதான் எழுதறேன்.

விஷயம் ஃபோட்டோ 51. 1952 மே மாசம் லண்டன் கிங்ஸ் காலேஜ்ல ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் அவங்க மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் எடுத்த டிஎன்ஏ எக்ஸ்-ரே படம். டிஎன்ஏ ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கறதால அந்தப் படத்துல ஒரு எக்ஸ் தெரியும். ஸ்பிரிங்ல லேசர் அடிச்சாலும் சுவத்துல அதே மாதிரி எக்ஸ் விழும், அதை இங்க எல்லாருமே ஒரு தரமாவது பண்ணியிருப்பீங்க, அதுக்குள்ள போகல. எனக்கு வேண்டியது அந்த எக்ஸ்ல இல்லாத ஒண்ணு. நடுவுலேர்ந்து கோடு கோடா எண்ணிக்கிட்டே போனா 1, 2, 3 இருக்கும், 4 இருக்காது, 5 மறுபடி இருக்கும். ஏன்னா டிஎன்ஏல இழை ரெண்டு, ஆனா சம இடைவெளில இல்ல, ஒரு சுத்தோட உயரத்துல 3/8 பங்கு தள்ளி நிக்குது.

போன மாசக் கூத்து என்னன்னா, சாதா பேனா ஸ்பிரிங்ல அடிச்சேன், எக்ஸ் ரொம்ப ஒல்லியா விழுந்துச்சு, எண்ணிப் பார்த்தா 4வது புள்ளி இல்ல! ஒத்தை ஸ்பிரிங்ல எப்படி? அப்பவே உறைச்சிருக்கணும். நான் என்னடான்னா வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு காட்டிட்டேன். அப்புறம் ஸ்பிரிங்கை லேசா இழுத்தா ஓட்டை, அதாவது புள்ளி இல்லாத இடம், 5க்கு நகர்ந்துடுச்சு. அது இரட்டை இழையும் இல்ல ஒண்ணும் இல்ல, கம்பியோட தடிமன். சுத்து இடைவெளி கம்பி தடிமனைப் போல 4 மடங்கு இருந்தா 4வது புள்ளி தானா செத்துடும், 5 மடங்குன்னா 5வது. ஒரே ஓட்டை, காரணம் ரெண்டு, எதுன்னு சுவத்துல எழுதியிருக்காது.

அதனால தடிமன் ஓட்டையை 4லேர்ந்து தூரமா தள்ளியாகணும், அதே நேரம் 3/8 கரெக்டா வரணும். ரெண்டு ஸ்பிரிங்கை ஒண்ணுக்குள்ள ஒண்ணு திருகி 135 டிகிரி சுத்திப் பார்த்தேன், கை நடுங்கினா போச்சு, ரெண்டு நாள் வீண். பாதி பாதியா போய் உட்கார்ந்துட்டா 1, 3, 5 எல்லாம் காணாமப் போய் ஒத்தை ஸ்பிரிங் மாதிரியே தெரியுது. கடைசில தோணின ஐடியா: 8 எனாமல் காப்பர் கம்பியை பக்கத்துல பக்கத்துல ஒட்டி ரிப்பன் மாதிரி வச்சு, 1 மில்லிமீட்டர் ஊசி மேல நெருக்கமா சுத்தணும். சுத்தி முடிச்சு 1வதையும் 4வதையும் மட்டும் விட்டுட்டு மத்த ஆறையும் உருவிடணும். இடைவெளி தானா 3/8! தடிமன் ஓட்டையும் 8க்குப் போயிடும். பேப்பர்ல அவ்ளோ அழகு.

செய்யும்போது உயிர் போச்சு. எட்டுல ஒண்ணு பக்கத்து கம்பி மேல ஏறிடும், அங்கேர்ந்து எல்லாமே கோணல். ஊசில மெழுகு தேய்க்காம முதல் தடவை பண்ணி ஊசி வெளிய வரவே இல்ல. எதை விடணும் எதை உருவணும்னு குழம்பி ஒரு தரம் 5வதை விட்டுட்டேன், அதாவது மறுபடி பாதி பாதி. இப்போ விட வேண்டிய ரெண்டுக்கும் நுனில நெயில் பாலிஷ் வைக்கறேன். நடுவுல கம்பி வித்தவர் மேல ஒரு புலம்பல்: தடிமன் 0.15 மில்லிமீட்டர்னு போட்டிருந்தது, மைக்ரோமீட்டர் கருவில அளந்தா 0.17. எனாமல் பூச்சைச் சேர்க்காம எழுதறாங்க போல. வாங்கறவங்க அளந்துட்டு கணக்கு போடுங்க.

மூணாவது காயில்தான் நேத்து வேலை செஞ்சது. லேசர் பீமை லென்ஸ் வச்சு விரிச்சு, 5 மீட்டர் தள்ளி சுவர்ல, கோட்டுக்குக் கோடு 2 மில்லிமீட்டர் சொச்சம். 1 மங்கல், 2 பரவால்ல, 3 பளிச், 4 இருட்டு, 5 பளிச். சோதனைக்கு லேசா இழுத்தேன். 4 அங்கேயே இருட்டா நின்னுச்சு, நகரல!

இதுக்கப்புறம் ஃபிராங்க்ளின் மேல இருந்த ஒரு எரிச்சல் எனக்குப் போயிடுச்சு. படத்தைக் கையில வச்சுக்கிட்டு ஏன் மாசக்கணக்கா ஏ வடிவத்தோட (ஈரம் குறைஞ்ச டிஎன்ஏ, ஃபோட்டோ 51ல இருக்கறது ஈரமான பி வடிவம்) மல்லுக்கட்டினாங்க, 1952 ஜூலைல ஹெலிக்ஸ் (ஸ்பிரிங் மாதிரி சுருள்) செத்துப்போச்சுன்னு கிண்டலா இரங்கல் அட்டை வேற போட்டாங்களேன்னு நினைச்சிருக்கேன். 1953 ஜனவரில அதே கிங்ஸ் காலேஜ்ல வேலை பார்த்த வில்கின்ஸ் அந்தப் படத்தை, கேம்பிரிட்ஜ்ல கிரிக்கோட சேர்ந்து டிஎன்ஏ உருவத்தைத் தேடிக்கிட்டிருந்த வாட்சனுக்குக் காட்டினாரு, பார்த்த உடனே எல்லாம் விளங்கிடுச்சுங்கற மாதிரிதான் கதை சொல்றாங்க. ஆனா படத்துல பதியறது வெளிச்சத்தோட அளவு மட்டும்தான், அலையோட ஃபேஸ், அதாவது அலை ஏத்தத்துல வந்துச்சா இறக்கத்துல வந்துச்சாங்கறது, பதியாது. பின்னாடி போய் உருவத்தை நேரா கணக்கு போட முடியாது, ஒரு உருவத்தை யூகிச்சு ஒத்துப்போகுதான்னுதான் பார்க்கணும். ஒத்துப்போறது ரெண்டு இருந்தா என்ன பண்றது? நான் ஒரு பேனா ஸ்பிரிங்கிட்டயே ஏமாந்தவன், அவங்க நிதானம் இப்போ புரியுது. அந்த 3/8 கணக்கு வந்ததும் அவங்களும் காஸ்லிங்கும் எழுதின கட்டுரைலதான், 1953 ஏப்ரல் 25 நேச்சர் அறிவியல் பத்திரிகைல, டிஎன்ஏ இரட்டைச் சுருள்னு சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை வந்த அதே இதழ்ல, வரிசைல மூணாவதா. 4 இல்லாததுக்கும் 6 மங்கலா இருக்கறதுக்கும் சேர்த்தே காரணம் சொல்லியிருப்பாங்க. மூணாவதா வந்ததால ஏதோ ஒத்து ஊதின கட்டுரை மாதிரி ஆயிடுச்சு, அது எனக்கு இன்னும் ஆத்தாமைதான்.

6ஐ நானும் பார்த்துடலாம்னு இன்னும் கொஞ்சம் இழுத்தேன். நுனில க்ளூ விட்டுடுச்சு, ஒரு இழை மட்டும் சுருண்டு ஓடிடுச்சு, காயில் காலி. போன்ல எடுத்த படத்துல நடுப்புள்ளி வெள்ளையா பொங்கி 1வது கோடே தெரியல. அடுத்த தடவை நடுவுல கருப்பு டேப் ஒட்டிட்டு எடுக்கணும். ரெண்டு முனையையும் குட்டி அட்டைச் சட்டத்துல ஒட்டிட்டு அப்புறமா ஊசியை உருவலாம்னு இருக்கேன், சட்டம் வெட்டியாச்சு, கம்பி இன்னும் நாலு சுத்துக்குத்தான் மிச்சம்.