என் இடது கையை 41 முறை வரைந்தேன்

முதல் நாள் எதை வரைவது என்று யோசிக்கவே இல்லை. வலது கையில் பென்சில் இருந்தது, இடது கை மேஜைமேல் சும்மா கிடந்தது. அதையே வரைந்தேன். இருபது நிமிடம் ஆனது. முடித்துவிட்டுக் கொஞ்சம் பெருமையோடு மகளிடம் காட்டினேன். நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், கிட்டே வைத்தும் பார்த்தாள்.

"அப்பா, இது மாட்டு மடியா?"

மடிதான். காம்பு ஒன்று கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிழித்துப் போடப் போனவன், என்ன தோன்றியதோ, மூலையில் தேதி எழுதி வைத்துவிட்டேன். வயது 43. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு பென்சிலால் படம் என்று எதுவும் போட்டதில்லை. வேறு எது வரைந்தாலும் சரி, நோட்டைத் திறக்கிற ஒவ்வொரு நாளும் இந்தக் கையை ஒரு தடவை வரைந்துவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அப்படிச் சேர்ந்தவைதான் இந்த 41.

முதல் இரண்டு வாரம்

எல்லாரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். பன்னிரண்டு பென்சில் உள்ள டப்பா ஒன்றை வாங்கினேன். பென்சிலுக்குள் இருப்பது காரீயம் இல்லை, கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த கலவை. களிமண் கூடினால் கடினம், கோடு மங்கல். அது எச் வரிசை. கிராஃபைட் கூடினால் மிருது, கோடு கருப்பு. அது பி வரிசை. 1795-இல் பிரான்சில் கோந்தே என்பவர் காப்புரிமை வாங்கிய முறை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் படிக்க ஒரு மாலை போனது. வரைவதற்கு உதவியதா என்றால் இல்லை. டப்பாவில் இன்றுவரை தேய்ந்தவை 2பியும் 6பியும் மட்டும். மற்ற பத்தும் கூர் மழுங்காமல் இருக்கின்றன.

கோடுதான் பெரிய தலைவலியாக இருந்தது. ஒரே கோடாக இழுக்கப் பயந்து, சின்னச் சின்னதாகக் கீறிக் கீறிச் சேர்ப்பேன். பார்க்க உரோமம் முளைத்த மாதிரி இருக்கும். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு நீளக் கோடு போட்டால் அது வளைந்துதான் போகும், தோளிலிருந்து கை முழுவதும் நகர வேண்டும் என்று தெரிந்தபிறகு, பழைய செய்தித்தாள் நிறையக் கோடும் வட்டமுமாக நிரப்பினேன். சலிப்பான வேலை. ஆனால் நாலைந்து நாளிலேயே உரோமம் உதிர ஆரம்பித்தது.

9-ஆவது கை

முந்தைய எட்டையும் வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது ஒரு விஷயம் உறைத்தது. எட்டிலும் ஐந்து விரலுக்கும் ஐந்து நகம், ஐந்தும் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மேஜைமேல் புறங்கை தெரிய வைத்திருக்கும் கையைப் பார்த்தேன். நாலு நகம்தான் நேராகத் தெரிந்தது. கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே தளத்தில் இல்லை, ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் நகம் பக்கவாட்டில் ஒரு கீற்றாகத் தெரிந்தது.

எட்டு நாள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வரைந்திருக்கிறேன்! பார்த்தது கையை, போட்டது மனதில் இருந்த கையை. 'விரல் என்றால் நகம் இருக்கும்' என்று மூளை சொன்னதும் கண் வேலையை விட்டுவிட்டது.

அதற்கு மருந்தாக ஒரு பயிற்சி கிடைத்தது. தாளைப் பார்க்கவே கூடாது. கண் கையின் ஓரத்தில் எறும்பு ஊர்கிற வேகத்தில் போக வேண்டும், பென்சிலும் அதே வேகத்தில். பத்து நிமிடம் கழித்துத் தாளைப் பார்த்தால் பேய் மாதிரி ஏதோ கிடந்தது. சுண்டுவிரல் மணிக்கட்டிலிருந்து கிளம்பியிருந்தது. ஆனால் ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் இருக்கும் தோல் மடிப்பு, அந்த மூன்று சிறு கோடு மட்டும், அச்சு அசல். அதுவரை நான் போட்டதிலேயே உயிருள்ள கோடு அதுதான். இன்னொன்று: என் சுண்டுவிரல் நுனி மோதிரவிரல் பக்கம் சாய்ந்திருக்கிறது. 43 வருடமாக என்னோடு இருக்கிற விரல், அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வாரமே நாற்காலி ஒன்றையும் போட்டேன். கால்களை வரையாமல், கால்களுக்கு நடுவே தெரிகிற வெற்று இடங்களை வரைய வேண்டும். வெற்று இடத்துக்கு மனதில் ஏற்கெனவே ஒரு படம் கிடையாதே, அதனால் கண் பார்த்தாக வேண்டியிருக்கிறது. நாற்காலி சுமாராக வந்தது. அதே வித்தையைக் கைக்கும் போட்டேன்: விரல்களுக்கு இடையிலுள்ள ஆப்பு வடிவங்களை முதலில் வரைந்தேன். மகள் பார்த்துவிட்டு, "கைதான்" என்றாள். யாருடையது என்று கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

அளவு

15 முதல் 22 வரை அளவுப் பிரச்சினைதான். புறங்கையைப் பார்த்தால், விரல் கிளம்புகிற முட்டியிலிருந்து நுனிவரை நடுவிரலின் நீளம், மணிக்கட்டுக்கு மேலே உள்ள மொத்தக் கையில் ஏறக்குறையப் பாதி. கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தால் அதே விரல் குட்டையாகிவிடுகிறது, ஏனென்றால் அந்தப் பக்கம் தசை மேலே வரை ஏறி விரலின் அடியை மறைக்கிறது. முட்டிகளும் நேர்கோட்டில் இல்லை, வில் மாதிரி வளைந்திருக்கின்றன. அந்த வில்லை முதலில் லேசாகப் போட்டுக்கொண்டு விரல்களைக் கிளப்பினால் மாட்டு மடி வரவே வராது. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

22-க்குப் பிறகு 19 நாள் நோட்டைத் திறக்கவில்லை. காரணம் எதுவும் இல்லை, விட்டுப்போனது.

திரும்ப வந்தபோது கை கெட்டுப்போயிருக்கும் என்று பயந்தேன். கோடு கொஞ்சம் நடுங்கியது, பார்வை அப்படியே இருந்தது. வான்கோ ஓவியராவது என்று முடிவு செய்தது 1880-இல், 27 வயதில். ஆரம்பத்தில் அவரும் நூல் கட்டிய சட்டம் ஒன்றை வைத்து அதன் வழியே பார்த்துத்தான் அளவு எடுத்தார். ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1525-லேயே அந்த மாதிரிக் கருவிகளைப் படம் போட்டு விளக்கியிருக்கிறார். அவர்களுக்கே வேண்டியிருந்தது என்றால் எனக்கென்ன வெட்கம். அட்டையில் ஜன்னல் வெட்டி, குறுக்கும் நெடுக்கும் தையல் நூல் ஒட்டினேன். தாளிலும் அதே கட்டம். ஐந்து கை அப்படி வரைந்தேன். ஆறாவதுக்குச் சட்டம் எங்கே என்று தேடவில்லை.

நிழல்

இதில் இன்னும் தட்டுத் தடுமாறுகிறேன். விரலால் தேய்த்து மழுப்பினால் அழகாக இருக்கும் என்று நினைத்து 31-ஐப் பாழாக்கினேன். கரி பூசிய கையுறை போல ஆகிவிட்டது. இப்போது கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறேன். சின்ன விவரங்கள் மங்கி, எது வெளிச்சம், எது இருட்டு என்பது மட்டும் மிஞ்சுகிறது. அதை இரண்டே அடர்த்தியில் போட்டுவிட்டு மற்றதை அப்புறம் பார்க்கிறேன். விரலின் அடிப்பக்கம் முழுக் கருப்பு இல்லை, மேஜையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு விடுகிறது. அந்தக் கோட்டைக் கருப்படித்து மூடாமல் விட்டால் விரல் உருண்டு நிற்கிறது. நாலுக்கு ஒரு தடவைதான் நினைவு வருகிறது. வலது உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டதில் நிழல் கலைவதும் நின்றது.

41

இடது கை அலுத்துவிட்டது. வலது கையை வரையலாம் என்றால் பென்சில் அதில்தான் இருக்கிறது. இடது கையைக் கண்ணாடியில் காட்டினால் உள்ளே தெரிவது வலது கை, சரிதானே? நேற்று அப்படி உட்கார்ந்தேன். உள்ளங்கை கண்ணாடியைப் பார்த்தபடி. கண்ணாடிக்குள் உள்ளங்கை ரேகைகள், என் பக்கம் புறங்கை. ஓரக்கோடு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், கண் எப்போது கண்ணாடியிலிருந்து நழுவி நிஜக் கைக்கு வந்தது என்றே தெரியவில்லை.

ஆயுள் ரேகை, கட்டைவிரல் மேடு எல்லாம் பாங்காக வந்திருக்கின்றன. விரல் நுனிகளில் நாலு நகமும் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மகள் இன்னும் பார்க்கவில்லை.