மேவிஸ் ஸ்டேபிள்ஸும் அவள் கூப்பிட்ட அப்பாவும்

'அன்க்ளௌடி டே' பாட்டை முதல் தடவை கேட்டபோது, பாடுவது ஐம்பது வயது தாண்டிய ஒரு ஆள் என்றுதான் நினைத்தேன். தொண்டையில் கரகரப்பு, வாழ்க்கையில் நிறைய அடிபட்ட தோரணை, அவசரமே இல்லாத கீழ்ஸ்தாயி. அப்புறம் தேடிப் பார்த்தால் அது மேவிஸ் ஸ்டேபிள்ஸ் என்ற பெண், அப்போது 16, 17 வயதுதான் இருக்கும். 1956இல் அந்த இசைத்தட்டு அமெரிக்க வானொலிகளில் வந்தபோதும் இதே கூத்துதான் நடந்திருக்கிறது. பாடுவது சின்னப் பெண் என்று அறிவிப்பாளர் சொன்னாலும் ஜனங்கள் நம்பாமல், இது ஆண் குரல், இல்லையென்றால் கனத்த உடம்புக்காரி ஒருத்தியின் குரல் என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள்.

மேவிஸைப் பற்றிப் பேச வேண்டுமானால் அப்பாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ரோபக் ஸ்டேபிள்ஸ், எல்லோருக்கும் 'பாப்ஸ்'. 1914இல் மிசிசிப்பியில் பிறந்து, டாக்கரி என்ற பெரிய பருத்திப் பண்ணையில் வளர்ந்தவர். அங்கே ப்ளூஸ் என்கிற கறுப்பின மக்களின் சோகப் பாட்டை வாசித்துத் திரிந்த சார்லி பேட்டனைப் பார்த்துப் பார்த்துத்தான் கிட்டார் பழகியிருக்கிறார். 1930களில் பிழைப்புத் தேடி சிகாகோ வந்து இறைச்சிக் கொட்டடிகளில் வேலை பார்த்தார், சாயங்காலங்களில் காஸ்பல் என்கிற கிறிஸ்தவ பக்திப் பாட்டுப் பாடும் ஒரு ஆண்கள் குழுவில் பாடினார். ஒத்திகைக்கு ஆட்கள் ஒழுங்காக வருவதில்லை. கடுப்பாகிப் போய், வீட்டுப் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து ஆளுக்கொரு சுரம் பிரித்துக் கொடுத்தார். க்ளியோதா, பெர்விஸ், இவோன், மேவிஸ். 1948இல் ஒரு ஆலயத்தில் முதல் தடவை பாடினார்கள், சபையார் விடவில்லை, அதே பாட்டைத் திரும்பத் திரும்ப மூன்று தடவை பாட வேண்டியதாயிற்று, ஏனென்றால் முழுதாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பாப்ஸின் கிட்டார் ஒலியைச் சொல்லாமல் போக முடியாது. ட்ரெமோலோ என்ற அதிர்வைப் போட்டு, தண்ணீரில் விழுந்த வெளிச்சம் மாதிரி நடுங்கிக்கொண்டே இருக்கும். பாடுவது ஆண்டவரைப் பற்றி, கை வாசிப்பது பருத்திக் காட்டு ப்ளூஸ்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேவிஸ் சிறுமியாக மிசிசிப்பியில் பாட்டி வீட்டில் இருந்தபோது பள்ளிக்கூட நிகழ்ச்சியில் ஒரு ப்ளூஸ் பாட்டைப் பாடிவிட்டாள். கைத்தட்டல் பலமாக வந்தது, அதைவிடப் பலமாக வீட்டில் பாட்டியிடம் அடி விழுந்தது. சபைப் பாட்டு வேறு, சந்தைப் பாட்டு வேறு என்று இருந்த காலம். பின்னாளில் இந்தக் குடும்பம் சோல் என்கிற வெளியுலக மெட்டுப் பாட்டுப் பாடியபோது 'சபையை விட்டுப் போய்விட்டார்கள்' என்று குறை சொன்னவர்கள் உண்டு. இசை வரலாறு எழுதுகிறவர்களும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தாண்டினார்கள் என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

நடுவில் நடந்ததைப் பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் மாண்ட்கோமரி ஊருக்குப் போயிருந்தபோது பாப்ஸ் குடும்பத்தோடு மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கம் கேட்கப் போனார். அந்த மனிதர் பேசுவதை நாம் பாட்டாகப் பாடலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னார், அன்றிலிருந்து அவர்கள் பாட்டுக்குள் சாலையும் பள்ளிக்கூடமும் ஊர்வலமும் வந்துவிட்டன. லிட்டில் ராக்கில் வெள்ளையர் பள்ளியில் சேரப் போன 9 கறுப்பினப் பிள்ளைகளை மனதில் வைத்து பாப்ஸ் எழுதிய 'வை ஆம் ஐ ட்ரீட்டட் ஸோ பேட்' கிங்குக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. கறுப்பினத்தவர் வாக்குரிமை கேட்டு செல்மா பேரணி நடத்திய 1965லேயே 'ஃப்ரீடம் ஹைவே'. அதற்கு முந்தைய வருடம்தான் ஆர்கன்சாவில் ஒரு பெட்ரோல் பங்கில் ரசீது கேட்டதற்காகத் தகராறாகி, குடும்பத்தையே போலீஸ் விலங்கு மாட்டி இழுத்துப் போனது. இதையெல்லாம் பட்ட பிறகும் இவர்கள் பாடினது கோவில் பாட்டா வெளிப் பாட்டா என்று கோடு கிழித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது.

1968இல் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனார்கள். 1972இல் 'ஐல் டேக் யூ தேர்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். அதை எழுதிய ஆல் பெல், கொலையுண்ட தன் சகோதரரை அடக்கம் செய்துவிட்டு வந்து, அப்பா வீட்டுக் கொல்லையில் நின்ற ஒரு பழைய பஸ்ஸின் மேல் உட்கார்ந்திருந்தபோது வந்த பாட்டு என்று சொல்லியிருக்கிறார். யாரும் அழாத ஒரு இடம், அங்கே உன்னைக் கூட்டிப்போகிறேன், அவ்வளவுதான் பாட்டு. பேஸ் கிட்டார் ஓட்டம் ஒரு ஜமைக்கா பாட்டிலிருந்து எடுத்தது, பதிவு அலபாமாவின் மஸ்ஸில் ஷோல்ஸில், வாசித்தவர்கள் வெள்ளைக்காரப் பையன்கள். சொர்க்கத்தைப் பற்றிய பாட்டுக்கு ஊரே நடனம் ஆடியிருக்கிறது! சபையை எங்கே விட்டார்கள் சொல்லுங்கள்?

அந்தப் பாட்டின் நடுவில் கிட்டார் தனியாக வரும்போது மேவிஸ் 'டாடி' என்று கூப்பிடுவார். பல வருடம் அது பாப்ஸ் வாசிப்பது என்றே நம்பிக் கேட்டேன். பதிவில் வாசித்தது எடி ஹிண்டன் என்ற ஸ்டுடியோ கலைஞர். தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு 1975இல் பாடகர் கர்டிஸ் மேஃபீல்ட் எழுதிய 'லெட்ஸ் டூ இட் அகெய்ன்', இன்னொரு முதலிடம். அதன் வரிகள் கொஞ்சம் அப்படி இப்படி இருந்ததால் பாப்ஸைச் சம்மதிக்க வைக்கவே பாடுபட வேண்டியிருந்தது. பாப் டிலன் பெண் கேட்டது, மேவிஸ் மறுத்தது தனிக் கதை. பாடகர் பிரின்ஸ் மேவிஸுக்கு இரண்டு ஆல்பம் செய்து கொடுத்தார், நல்ல ஆல்பங்கள், பெரிதாக விற்கவில்லை.

2000 டிசம்பரில் பாப்ஸ் இறந்தார். மேவிஸ் பாடுவதையே நிறுத்திவிட்டார். வாழ்நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று சுருதி கொடுத்த கிட்டார் இல்லாமல் எங்கிருந்து எடுப்பது? அக்கா இவோன்தான் கண்டித்து எழுப்பினார், அப்பா இருந்திருந்தால் இப்படி உட்கார விடுவாரா என்று. எந்தக் கம்பெனியும் வரவில்லை, சொந்தக் காசைப் போட்டுப் பதிவு செய்த ஆல்பம் 2004இல் வந்தது. 2010இல் வில்கோ என்ற ராக் குழுவின் ஜெஃப் ட்வீடியோடு செய்த 'யூ ஆர் நாட் அலோன்' அவருக்கு முதல் கிராமி வாங்கிக் கொடுத்தது, 71 வயதில்! க்ளியோதா, இவோன், பெர்விஸ் எல்லோரும் போய்விட்டார்கள். மேவிஸ் இன்னும் பாடுகிறார், 2025இல்கூட ஒரு ஆல்பம்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது 2015இல் வந்த 'டோன்ட் லூஸ் திஸ்' ஆல்பத்துக்குத்தான். சாவதற்குக் கொஞ்ச காலம் முன்பு பதிவு செய்த நாடாக்களை மகளிடம் கொடுத்து, இதைத் தொலைத்துவிடாதே என்று பாப்ஸ் சொன்ன அதே வார்த்தைதான் தலைப்பு. மேவிஸ் 15 வருடம் பத்திரமாக வைத்திருந்து ட்வீடியிடம் கொடுத்து முடித்தார். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். இதில் நடுங்குகிற கிட்டார் பாப்ஸுடையதேதான்.