ஹேடார் கல் தண்டவாளம்: மாடல் வேலை இதுவரை

சாதாரண ரயில் மாடல் செய்பவர்களுக்குக் கடையில் எல்லாம் ரெடியாகக் கிடைக்கும். நான் எடுத்திருப்பதற்கு எதுவும் கிடைக்காது. இந்தப் பாதையில் தண்டவாளமே கருங்கல்!

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இருக்கும் டார்ட்மூர் மேட்டுநிலத்தின் கிழக்கு ஓரத்தில் ஹேடார் பாறை நிற்கிறது. அதை ஒட்டிய குவாரிகளின் கல்லை ஸ்டோவர் கால்வாய்க்கு இறக்க ஜார்ஜ் டெம்ப்ளர் 1820-ல் போட்ட பாதை இது. 1831-ல் திறந்த லண்டன் பாலத்துக்கும் இங்கிருந்து கல் போனது. இரும்புக்குக் காசு வேண்டும்; கல் காலடியிலேயே கிடந்தது.

ரயில் சக்கரத்துக்கு விளிம்பு உண்டல்லவா? இங்கே சக்கரம் மொட்டை. விளிம்பைக் கல்லில் செதுக்கிவிட்டார்கள். அதனால் என் வேலையில் முக்கால்வாசி அந்த விளிம்புதான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பட்டையாக வார்த்து, பாதி இறுகியதும் பிளேடால் படி வெட்டினேன். முழுக்கக் காய்ந்தால் உதிர்கிறது. துண்டுகளை வேண்டுமென்றே நீளமும் குட்டையுமாக நறுக்கினேன், அசலும் அப்படித்தான். பாதை அகலம் 4 அடி 3 அங்குலம். 43-ல் ஒரு பங்கு அளவில் 30 மி.மீ. குறுக்குக் கட்டை கிடையாது, குதிரை நடுவில் நடக்க வேண்டுமே.

சாம்பல் பூச்சு காய்ந்ததும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வெள்ளையும் கறுப்பும் தெளித்தேன். டார்ட்மூர் கல்லில் ஃபெல்ட்ஸ்பார் என்ற வெள்ளைக் கனிமம் பெரிது பெரிதாகத் தெரியும், ஆகவே வெள்ளைக்குக் கைதாராளம்.

சக்கரத்துக்குப் பித்தளை வாஷர். அசலில் 14 கி.மீ. சொச்சத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம், அதாவது 35-க்கு 1. 70 செ.மீ. பலகையின் ஒரு முனையை 2 செ.மீ. தூக்கி, கூழாங்கல் ஏற்றி விட்டேன். வண்டி தானாகவே இறங்கியது! அங்கும் பாரம் தன் எடையிலேயே இறங்கும். காலி வண்டியை மேலே இழுக்கத்தான் குதிரை.

கடலோரத்து கார்ன்வால் கல் மலிவாகக் கிடைக்க, 1858 வாக்கில் பாதை ஓய்ந்தது. இரும்பாக இருந்திருந்தால் பழைய இரும்புக்கடைக்குப் போயிருக்கும். கல் என்பதால் இன்றும் கிடக்கிறது, ஆடு மேய்கிறது.

கிளை பிரியும் இடம் பாக்கி. அதற்கு முன் செடிகள்: ஆகஸ்டில் ஊதா ஹெதரும் மஞ்சள் கோர்ஸும் ஒன்றாகப் பூக்கும். மரத்தூளில் இரண்டு சாயமும் கலக்கி ஊற வைத்திருக்கிறேன்.