மலைக்கு முன்னால் தண்டவாளம்

கண்காட்சிகளுக்கு மாடல் ரயில் லேஅவுட் செய்து தருவது என் வேலை. பட்டறைக்கு வருகிறவர்கள் மலை எங்கே, குகை எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். மலை கடைசியில் வரட்டும். வெறும் பலகைமேல் தண்டவாளம் மட்டும் கிடக்கிற நாட்களில்தான் அந்த லேஅவுட் ஒழுங்காக ஓடுமா என்பது முடிவாகிறது.

நாங்கள் அதிகம் செய்வது எச்ஓ அளவு. அசல் ரயிலில் 87-ல் ஒரு பங்கு. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர் இடைவெளி. சக்கரத்தைத் தடத்தில் பிடித்து வைக்கும் விளிம்பு பல மாடல்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால் ஒவ்வொரு இணைப்பிலும் விரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும்.

அப்புறம் மின்சாரம். தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் சின்ன உலோக இணைப்பான் காலப்போக்கில் தளர்ந்து, கறுத்துப்போகும். அதை நம்பாமல் ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஒயர் பற்றவைத்து, பலகைக்கு அடியில் ஓடும் தடித்த ஒயரோடு சேர்க்கிறோம். டிசிசி என்கிற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் மின்சாரமும் எஞ்சினுக்கான கட்டளையும் ஒரே தண்டவாளத்தில் போகின்றன, ஆகவே இது இன்னும் முக்கியம். சேர்த்தபின் ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்துப் பார்ப்போம். பாதுகாப்பு சர்க்யூட் உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் ஒயர் மெல்லியதாக இருக்கலாம், அல்லது எங்கோ இணைப்பு சரியில்லை. ஒருநாள் ஷார்ட் ஆகும்போது அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக் உருகும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஓட்டிப் பார்ப்பது. வேகமாக ஓடும் எஞ்சின் மின்சாரம் கிடைக்காத சின்ன இடத்தை ஓடும் வேகத்திலேயே தாண்டிவிடும். ஊர்ந்து போகும் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். ஆகவே முதலில் மெதுவாக. அடுத்தது, பின்னால் தள்ளி ஓட்டுவது. இழுக்கும்போது பெட்டிகள் தாமாக வரிசையில் நிற்கும். தள்ளும்போது விசை பக்கவாட்டில் திரும்பி, வளைவில் சக்கரத்தை வெளித் தண்டவாளத்தின்மேல் ஏற்றப் பார்க்கும். இருப்பதிலேயே நீளமான பெட்டி, எடை குறைந்த பெட்டி இரண்டையும் சேர்த்து, ஒரு தடம் இரண்டாகப் பிரிகிற எல்லா பாயிண்ட் வழியாகவும் தள்ளுவேன். வலமும் இடமுமாக வளைவுகள் அடுத்தடுத்து வந்தால், நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்த்தடம் இல்லாத இடத்தில் தடம் புரள வாய்ப்பு அதிகம்.

புரண்ட இடத்தில் உடனே கை வைக்கமாட்டேன். ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு ஓட்டத்தைத் தொடர்வேன். ஒரே பெட்டி பல இடங்களில் புரண்டால் அதன் சக்கரத்தை அளக்க வேண்டும். பல பெட்டிகள் ஒரே இடத்தில் புரண்டால் தடத்தைப் பிரிக்க வேண்டும். இது தெரியாமல் நல்ல தண்டவாளத்தை வளைத்துக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"இன்னும் புல்கூட ஒட்டவில்லையா?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். ஜல்லிக்குப் பசை ஊற்றிவிட்டால் ஒரு பாயிண்டைக் கழற்றுவது பெரும்பாடு. பசை காய்ந்ததும் ஓட்டத்தை முதலிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலே பாயிண்ட் அசையாது. குகைக்குப் பின்பக்கம் ஒரு கதவும் வைத்துவிடுவோம், புரண்ட பெட்டியை எடுக்க முழங்கை வரை கை போகிற அளவுக்கு.