ஆசாரியர் வேறு, மூப்பர் வேறு: இறையியல் தேர்வில் நான் சறுக்கிய கேள்வி

‘கிறிஸ்தவ இறையியலில் ஆசாரியத்துவத்தின் பொருள்’ என்ற கேள்விக்கு ஆறு பக்கம் எழுதினேன். ஆசாரியர் என்றால் மக்களுக்காகக் கடவுள் முன் பலி செலுத்துகிறவர். 20க்கு 7 வந்தது. இஸ்ரவேலின் முதல் பிரதான ஆசாரியரான ஆரோன், பலி விதிகள் உள்ள லேவியராகமம், பலிகள் என்று நான்கு பக்கம் ஓடிவிட்டது. நேரம் முடியப்போகிறதே என்று கடைசியில் ‘ஆகவே சபைப் போதகரும் ஆசாரியரே’ என்று எழுதி வைத்தேன். கவிழ்த்தது அந்த வரிதான்.

எழுதியதை ஓய்வுபெற்ற சபைப் போதகர் ஒருவரிடம் சொன்னேன். “புதிய ஏற்பாட்டுல சபை ஊழியரை ஆசாரியர்னு எங்கேயாவது கூப்பிட்டிருக்கா தம்பி? தேடிட்டு வாங்க” என்றார். ஒவ்வொரு சொல்லும் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் கிரேக்கக் கன்கார்டன்ஸோடு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன். ஆசாரியரைக் குறிக்கும் ‘ஹியரெயுஸ்’ என்ற கிரேக்கச் சொல் யூத ஆசாரியர்களுக்கு வருகிறது, ஆபிரகாம் காலத்து ராஜாவும் ஆசாரியருமான மெல்கிசேதேக்குக்கும் கிறிஸ்துவுக்கும் வருகிறது, லீஸ்திராவில் ஒரு கோயில் பூசாரிக்குக்கூட வருகிறது. வெளிப்படுத்தலில் விசுவாசிகள் எல்லாருக்கும் வருகிறது. சபை ஊழியருக்கு மட்டும் இல்லை. அவர்களுக்கு ‘பிரெஸ்பிடெரோஸ்’, அதாவது மூப்பர், அல்லது கண்காணி. ரோமர் 15:16இல் பவுல் தம் சுவிசேஷ ஊழியத்தை ஆசாரிய ஊழியமாகப் பேசுகிறார், அது உருவகம்.

குழப்பம் ஆங்கிலப் புத்தகங்களால் வந்தது. ‘பிரீஸ்ட்’ என்ற சொல் பிறந்தது பிரெஸ்பிடெரோஸிலிருந்து. ஆனால் ஹியரெயுஸுக்கும் அதையே போடுகிறார்கள். தமிழ் வேதாகமத்தில் ஆசாரியர், மூப்பர் என்று இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. கையில் இருந்ததை விட்டுவிட்டு நான் ஆங்கிலக் குறிப்பை மனப்பாடம் செய்திருக்கிறேன்!

எனவே ஆரோனுக்கு அரைப் பக்கம் போதும். எபிரெயர் 7ஐ மட்டும் பொறுமையாகப் படியுங்கள். இயேசு யூதா கோத்திரத்தார். நியாயப்பிரமாணப்படி லேவி கோத்திரத்தாரே ஆசாரியராகலாம், அவர் ஆக முடியாது. அதனால்தான் நிருபம் ‘மெல்கிசேதேக்கின் முறைமையின்படி என்றென்றைக்கும் ஆசாரியர்’ என்று சொல்லும் சங்கீதம் 110:4க்குப் போய், லேவி வம்சத்தில் சேராத மெல்கிசேதேக்கைப் பிடிக்கிறது. இந்தக் காரணத்தை எழுதாமல் மெல்கிசேதேக்கின் பெயரை மட்டும் சொன்னால் ஒப்பித்தது போலத் தெரியும். கிறிஸ்து தம்மையே ஒரே முறை பலியிட்டு முடித்தார் என்று 7:27இல் வரும் ‘ஒரேதரம்’ என்ற சொல்லை விடாதீர்கள். பின்னால் வந்த சண்டையெல்லாம் அதைச் சுற்றித்தான்.

சரி, அந்தச் சண்டை. ஞானஸ்நானம் பெற்ற எல்லாரும் ஆசாரியரே என்று புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1520இல் எழுதினார். ஊழியரே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சபை அழைக்காமல் ஒருவர் தானாக அந்தப் பணியை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1563இல் குருத்துவம் (ஆசாரியத்துவத்துக்கு அவர்கள் சொல்) ஒரு அருட்சாதனம், அதாவது கடவுளின் அருளைத் தரும் புனிதச் சடங்கு, என்று உறுதி செய்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் விசுவாசிகள் எல்லாருக்கும் உள்ள பொதுக் குருத்துவத்தையும் திருநிலை பெற்ற குருக்களின் பணிக் குருத்துவத்தையும் சேர்த்துப் பேசியது: இரண்டும் அளவில் மட்டுமல்ல, தன்மையிலேயே வேறு, ஆனாலும் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை. ‘கத்தோலிக்கர் கிறிஸ்துவை மீண்டும் பலியிடுகிறார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். திருப்பலி வழிபாட்டில் அந்த ஒரே பலிதான் நம்முன் பிரசன்னமாகிறது என்பதே அவர்கள் போதனை. ஏற்காவிட்டாலும் அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடி எழுதிவிட்டு அப்புறம் மறுக்கலாம்.

ஒரு சின்ன விஷயம். கத்தோலிக்கரிடம் ‘ஆயர்’ என்றால் பிஷப். சிஎஸ்ஐ எனும் தென்னிந்தியத் திருச்சபையில் சபைப் போதகர். இரண்டாம் முறை எழுதியபோது எந்தப் பொருளில் எழுதுகிறேன் என்பதை முதல் பத்தியிலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டேன். 14 வந்தது.