ஹில்ப்ரோ முனையிலிருந்து குவாதெமா பாலம் வரை

ஜோகன்னஸ்பர்க்கில் எனக்குக் கிடைத்தது ஒரு சனியும் ஒரு ஞாயிறும்தான். அலுவலக வேலை வெள்ளிக்கிழமை மாலையோடு முடிந்தது. திங்கள் விடியற்காலை விமானம். கூட வந்தவர்கள் சிங்கம் பார்க்கக் கிளம்பினார்கள். "நீ எங்கே?" என்று கேட்டார்கள். "ஜெயிலுக்கு" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

உண்மையிலேயே ஜெயிலுக்குத்தான் போனேன். 2018இல் நம் உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைக் குறித்துத் தீர்ப்புச் சொன்னபோது, அதில் தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றத்தின் 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று எடுத்துக் காட்டப்பட்டிருந்தது. இருபது வருடம் முன்பே இதைத் தீர்த்துவிட்டார்களா, அதுவும் நிறவெறி ஆட்சி போன நான்கே வருடத்தில், எப்படி என்று அன்றைக்கே ஒரு கேள்வி தொற்றிக்கொண்டது. தேடிப் படித்ததில் சைமன் என்கோலி என்ற கறுப்பினத் தன்பாலீர்ப்புப் போராளியின் பெயர் கிடைத்தது. அந்தப் பெயரைத் துரத்திக்கொண்டு போன பயணம் இது.

அக்டோபர் மாதம். தெருவெல்லாம் ஜகரந்தா மரங்கள் ஊதாவாகப் பூத்து, நடைபாதையில் கொட்டிக் கிடந்தன. ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருப்பதால் வெயில் சுட்டாலும் வியர்க்காது. மதியம் மூன்று மணிக்கு மேல் சொல்லிவைத்தாற்போல இடி மழை. வண்டி ஓட்டியவர் ஜிம்பாப்வேக்காரர், புலவாயோ சொந்த ஊர். இரண்டு நாளுக்கும் அவரையே பேசி வைத்துக்கொண்டேன்.

அரசியல் சாசனக் குன்று என்கிற கான்ஸ்டிடியூஷன் ஹில்லில் மூன்று பழைய சிறைகள் இருக்கின்றன. வெள்ளை ஆண்களுக்குக் கோட்டைச் சிறை, கறுப்பு ஆண்களுக்கு 'நம்பர் ஃபோர்', பெண்களுக்குத் தனிச் சிறை. 1983இல் மூடினார்கள். 1908இல் காந்தி இங்கே அடைபட்டிருந்தார், அவரோடு சத்தியாக்கிரகம் செய்த தம்பி நாயுடுவும். காந்திக்கு ஒரு கண்காட்சிக் கூடமே இருக்கிறது. தம்பி நாயுடுவின் பெயரைச் சொன்னதும் வழிகாட்டிய இளம்பெண், "உங்கள் ஊர்க்காரரா?" என்று கேட்டார். மொழிக்காரர் என்றேன்.

சிறையை அப்படியே விட்டுவிட்டு, விசாரணைக் கைதிகளை அடைத்திருந்த கட்டடத்தை மட்டும் இடித்து, அந்தச் செங்கற்களையே எடுத்து நீதிமன்றத்தைக் கட்டியிருக்கிறார்கள். 2004 மார்ச் 21இல் திறப்பு விழா. 1960இல் ஷார்ப்வில்லில் கறுப்பர்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் செத்த அதே தேதி. நுழைவாயிலின் பெரிய மரக்கதவில் 27 உரிமைகளையும் அங்குள்ள மொழிகளிலெல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். நான் தேடியது சமத்துவத்தைப் பற்றிய ஒன்பதாவது பிரிவை. இனம், பால், மதம், மொழி என்று போகிற அந்தப் பட்டியலில் 'பாலியல் நாட்டம்' என்ற சொல்லும் இருக்கிறது. உலகத்தில் வேறெந்த நாட்டின் அரசியல் சாசனத்திலும் அதற்கு முன் அந்தச் சொல் இருந்ததில்லை.

"யாரோ வெளிநாட்டு நிபுணர்கள் எழுதிக் கொடுத்தது என்று நினைக்கிறார்கள்," என்றார் வழிகாட்டிப் பெண். "சைமன் தெரியுமா உங்களுக்கு?" தெரியும் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. அதற்கப்புறம் சுற்றுலாப் பேச்சு நின்று, நிஜப் பேச்சு தொடங்கியது.

என்கோலி 1957இல் சொவெட்டோவில் பிறந்தவர். கறுப்பர்கள் கையில் பாஸ் என்கிற அனுமதிச் சீட்டு இல்லாமல் நகரத்தில் இருந்தால் கைது என்ற காலம். சிறு பையனாக இருந்தபோது, போலீஸ் வருகிறது என்று தெரிந்ததும் அப்பாவையும் அம்மாவையும் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நின்றிருக்கிறார். ஆங்கிலத்தில் தன்பாலீர்ப்பை மறைத்து வாழ்பவரை அலமாரிக்குள் இருப்பவர் என்பார்கள். பிற்காலத்தில் தன் கதையை எழுதும்போது என்கோலி இந்த இரண்டு அலமாரிகளையும் சேர்த்தே எழுதினார். மகன் விஷயத்தைச் சொன்னதும் அம்மா அவரை சங்கோமாக்களிடம், அதாவது நாட்டு வைத்தியம் பார்த்துக் குறியும் சொல்கிறவர்களிடம், கூட்டிக்கொண்டு போனார். நம் வீடுகளில் கோடாங்கியிடம் கூட்டிப்போய் மந்திரித்து, தாயத்து கட்டுவதுபோல. அம்மாக்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

1984 செப்டம்பரில் வாடகை உயர்வை எதிர்த்து வால் முக்கோணம் எனப்படும் பகுதி கொந்தளித்தது. அங்குள்ள செபோகெங்கில் என்கோலி கைதானார். டெல்மாஸ் தேசத்துரோக வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் அவரையும் சேர்த்து 22 பேர். தூக்குவரை போகக்கூடிய குற்றச்சாட்டு. அதில் போப்போ மொலெஃபே, 'டெரர்' லெகோட்டா போன்ற பெரிய தலைவர்கள் இருந்தார்கள். உள்ளே ஒரு நாள், ஆணோடு ஆண் உறவு வைத்துக்கொண்டதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு கைதியைப் பற்றிக் கூடிப் பேசியிருக்கிறார்கள். பேச்சு கேவலமாகப் போனது. என்கோலி எழுந்து, நானும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். வெளியே அரசாங்கம் தூக்கில் போடக் காத்திருக்கிறது. உள்ளே இருக்கிற தோழர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போக்கிடம் ஏது? அப்படித்தான் ஆகப் பார்த்தது. இவரோடு சேர்ந்து எங்களை விசாரிக்க வேண்டாம், வழக்கின் பெயர் கெட்டுவிடும் என்று சிலர் சொன்னார்கள். வாரக்கணக்கில் விவாதம் நடந்தது. கடைசியில் 22 பேரும் ஒன்றாகவே நின்றார்கள். வெளியே அவர் உறுப்பினராக இருந்த, வெள்ளையர் பெரும்பான்மையான தன்பாலீர்ப்பாளர் சங்கமோ, எங்களுக்கு அரசியல் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. எனக்கு இந்த இடம்தான் மறக்கவே மாட்டேன் என்கிறது. சொந்தக் கூட்டம் கைவிட்டது, முதலில் எதிர்த்தவர்கள் கூடவே நின்றார்கள்.

1988இல் அவர் விடுதலையானார். அந்தச் சிறை விவாதம் வீண்போகவில்லை. 1994க்குப் பிறகு மொலெஃபேயும் லெகோட்டாவும் மாகாண முதல்வர்கள். லெகோட்டா பிறகு பாதுகாப்பு அமைச்சர். நிறவெறியை ஒழிக்கத் தோள் கொடுத்த சைமன் போன்றவர்களை இனி ஒதுக்கிவைக்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது என்று பிற்காலத்தில் கேட்டவர் இதே லெகோட்டாதான். வழக்கில் இவர்களுக்காக வாதாடிய ஆர்தர் சாஸ்கல்சன் புதிய அரசியல் சாசன நீதிமன்றத்தின் முதல் தலைவரானார். அதே வழக்கறிஞர் அணியில் இருந்த ஜாக் யாகூப், பார்வையற்றவர், இந்திய வம்சாவளி, அவரும் அங்கே நீதிபதியானார். புதிய சாசனத்தில் மண்டேலா கையெழுத்திட்டது 1996 டிசம்பர் 10, இடம் ஷார்ப்வில். என்கோலி கைதான அதே வால் பகுதி. பெரிய கொள்கை எல்லாம் அப்புறம். முதலில் ஒரே அறையில் படுத்து எழுந்த ஒரு மனிதனைத் தெரிந்திருந்தது அவர்களுக்கு. என் கேள்விக்கு நான் எடுத்துக்கொண்ட பதில் இதுதான்.

ஹில்ப்ரோ பக்கத்திலேயே இருக்கிறது. இறங்கி நடக்கலாம் என்று நினைத்திருந்தேன். "பிரதர், போனை உள்ளே வையுங்கள், கண்ணாடியை ஏற்றுங்கள்," என்றார் ஓட்டுநர். நிறவெறிக் காலத்தில் வெள்ளையர் பகுதி என்று சட்டம் சொன்னாலும், 80களில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்து குடியேறிய அடுக்குமாடி உலகம் அது. சேர்ந்து குடிக்க, ஆட, காதலிக்க இடம் கிடைத்த பேட்டை. பிரிட்டோரியா தெருவும் ட்விஸ்ட் தெருவும் வெட்டிக்கொள்ளும் முனைக்கு என்கோலியின் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை தெரிகிறதா என்று பார்ப்பதற்குள் வண்டி தாண்டிவிட்டது. இன்னொரு சுற்று வரச் சொன்னேன். இரண்டாவது தடவையும் தெரிந்தது பழக்கடையும் செல்போன் கடையும் ஒரு மினிபஸ்காரனின் ஓயாத ஹாரனும்தான்.

1990 அக்டோபர் 13 அன்று தன்பாலீர்ப்பாளர்கள் உரிமை கேட்டு நடக்கும் பிரைடு ஊர்வலங்களில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் ஊர்வலம் இந்தத் தெருக்கள் வழியாகத்தான் போனது. சுமார் 800 பேர். மழை வேறு. முகம் தெரிந்தால் வேலை போய்விடும் என்று சிலர் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். நனைந்த காகிதப் பை எவ்வளவு நேரம் முகத்தை மறைக்கும் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முன்னால் நடந்தவர்களில் என்கோலியும், சொவெட்டோவைச் சேர்ந்த இளம்பெண் பெவர்லி டிட்சியும் இருந்தார்கள். ஐந்து வருடம் கழித்து பெய்ஜிங்கில் நடந்த ஐ.நா. பெண்கள் மாநாட்டில், தன்பாலீர்ப்புள்ள பெண்களின் உரிமையும் மனித உரிமைதான் என்று மேடையேறிப் பேசியவர் இதே டிட்சி. இறுதி அறிக்கையில் அந்தச் சொற்களைச் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள்.

ஓட்டுநர் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். அப்புறம், "தப்பாக நினைக்காதீர்கள், இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம்," என்றார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது, 1995இல், ஹராரே புத்தகத் திருவிழாவில் கிளம்பிய சர்ச்சையை அடுத்து ஜிம்பாப்வே அதிபர் முகாபே இவர்களை நாய், பன்றிகளைவிட மோசம் என்று பேசியது நாட்டுக்கே பாடமானது. "பழக்கத்தை யார் கொண்டுவந்தார்களோ தெரியாது, தண்டனைச் சட்டத்தைக் கொண்டுவந்தது வெள்ளைக்காரன்தான். எங்கள் ஊர் 377ஐயும் அவன்தான் எழுதினான்," என்றேன். "அப்படியா?" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. சரி, இரண்டு நாள் பயணத்தில் ஒருவரை மாற்றிவிட முடியும் என்று நானும் நினைக்கவில்லை.

இரவு விடுதி அறையில் வேறொருவரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். உகாண்டாவின் டேவிட் காட்டோ. ஆசிரியர். 90களில் சில வருடங்கள் இதே ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்த்தவர். இங்கே நடந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு 1998இல் ஊர் திரும்பினார். தன்னை மறைத்துக்கொள்ளாமல் வேலையைத் தொடங்கினார். 2010இல் அங்கே ஒரு பத்திரிகை தன்பாலீர்ப்பாளர்கள் என்று பெயரும் படமும் போட்டு, தூக்கிலிடு என்று தலைப்பு வைத்தது. காட்டோ, காஷா நபகெசேரா, பெப்பே ஒன்சியெமா மூவரும் வழக்குப் போட்டு 2011 ஜனவரி 3இல் ஜெயித்தார்கள். ஜனவரி 26இல் காட்டோவை வீட்டிலேயே சுத்தியலால் அடித்துக் கொன்றார்கள். இன்றைக்கு உகாண்டாவில் இருப்பது 2023இல் கொண்டுவந்த, ஒரே பால் உறவில் சில வகைகளுக்கு மரண தண்டனைவரை விதிக்கிற சட்டம். மறுபக்கம் போட்ஸ்வானாவில் 2019, மொரிஷியஸில் 2023, நமீபியாவில் 2024 என்று நீதிமன்றங்கள் பழைய சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுக்கொண்டும் இருக்கின்றன. ஆப்பிரிக்கா என்று ஒரே வார்த்தையில் பேசுகிறவர்களை நான் இப்போது நம்புவதில்லை.

ஞாயிறு காலை கிழக்கே, ஸ்பிரிங்ஸ் பக்கம் இருக்கும் குவாதெமாவுக்குப் போனோம். எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லாத கறுப்பர் குடியிருப்பு. எனக்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

ஒன்று, மாதோக்கோ. தோக்கோசிலே குமாலோ என்ற அம்மா, 80களில் இங்கே தன் வீட்டில் ஷெபீன் என்கிற சாராயக்கடை நடத்தினார். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் அங்கே இடம் கிடைத்தது. என்கோலி 1988இல் தொடங்கிய 'குளோ' என்ற தன்பாலீர்ப்பாளர் அமைப்பின் ஆட்கள் கூடுவதும் அங்கேதான். ஜோகன்னஸ்பர்க்கில் இவர்களுடைய வரலாற்று ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கும் 'காலா' நிறுவனம், தன் பதிப்பகத்துக்கு மாதோக்கோவின் பெயரையே வைத்திருக்கிறது. சாராயக்கடை அம்மாவின் பெயரில் ஒரு பதிப்பகம்! மேடையில் பேசுகிறவர்களை மட்டுமே தலைவர்கள் என்று எழுதிப் பழகிவிட்டோம்.

மதியம் அங்கே கோட்டா சாப்பிட்டேன். கால் ரொட்டியைக் குடைந்து, உருளைக்கிழங்கு வறுவல், கறித் துண்டு எல்லாம் அடைத்து, மேலே 'அட்ச்சார்' போடுகிறார்கள். நம் மாங்காய் ஊறுகாய்தான், கடல் தாண்டி வந்து ஊரோடு ஊராகிவிட்டது. நான் ஊறுகாயை மட்டும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியதைக் கடைக்காரப் பெண் ஆச்சரியமாகப் பார்த்தார்.

இரண்டாவது காரணம், யூடி சிமெலேன். தென்னாப்பிரிக்கப் பெண்கள் கால்பந்து அணியான பன்யானா பன்யானாவில் ஆடியவர். தன்னை மறைக்காமல் இந்தக் குடியிருப்பிலேயே வாழ்ந்தார். 2008 ஏப்ரலில் அவரைப் பலாத்காரம் செய்து கத்தியால் குத்திக் கொன்றார்கள். அந்த நேரத்தில் தென்னாப்பிரிக்காவில் ஒரே பாலினத் திருமணமே சட்டப்படி செல்லும். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006 நவம்பர் 30. அதற்குச் சரியாக எட்டு வருடம் முன்பு, அதே தேதியில்தான் என்கோலி எய்ட்ஸால் இறந்துபோனார். விலை குறைந்த மருந்து கிடைக்காத காலம். அவர் போன பத்தாவது நாள் ஜாக்கி அச்மத்தும் நண்பர்களும் தொடங்கிய மருந்துக்கான இயக்கம்தான் பிறகு லட்சக்கணக்கானவர்களுக்கு மாத்திரை கிடைக்கக் காரணமாக இருந்தது. அது தனிக் கதை.

சட்டம் கதவில் செதுக்கியிருக்கிறது, குவாதெமாவில் கத்தி இருக்கிறது. இந்த முரணை இங்கே யாரும் பூசி மெழுகுவதில்லை. 2012 ஜோகன்னஸ்பர்க் பிரைடில், கொல்லப்பட்ட பெண்களுக்காக ஒரு நிமிட மௌனம் கேட்டு கறுப்பினப் பெண்கள் சாலையில் படுத்து மறித்தார்கள். கொண்டாட வந்தவர்களோடு தள்ளுமுள்ளு ஆனது. அடுத்த வருடம் அந்த ஊர்வலக் கமிட்டியே கலைந்தது. இந்த இயக்கத்தைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் துரோகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

யூடியின் நினைவாக ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. வழி கேட்டுக் கேட்டுத்தான் போனோம். பெரிய நினைவுச்சின்னம் எதையாவது எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். ஆட்கள் நடந்து போய் வருகிற சாதாரணப் பாலம். அந்தப் பக்கம் புழுதியில் பையன்களும் பெண்பிள்ளைகளும் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

வண்டியிலேயே இருப்பேன் என்று சொல்லியிருந்த ஓட்டுநர், கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே வந்து நின்றார். யாருக்கு என்ன ஆனது என்று கேட்டார். சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். காலடிக்கு உருண்டு வந்த பந்தைப் பிள்ளைகளிடம் தட்டிவிட்டார்.

"எந்த இடத்தில் ஆடுவார்?"

"மிட்ஃபீல்டு."

"நானும் புலவாயோவில் அங்கேதான் ஆடினேன்," என்றார். முதல் துளி விழுந்ததும் இருவரும் வண்டியைப் பார்க்க ஓடினோம்.