மேப்ல சிவப்பு விழுந்தா அவன் அங்கதான் இருக்கானா?

க்ரைம் சீரியல்ல நாலு புள்ளி வச்சதும் கம்ப்யூட்டர் பீப் பீப்னு அடிச்சு கொலைகாரன் வீட்டையே காட்டுது பாருங்க, அது சுத்த ரீல். ஆனா அதுக்குப் பின்னாடி இருக்குற சமாச்சாரம் நெஜம், பேரு ஜியோகிராஃபிக் ப்ரொஃபைலிங். ஒரே ஆள் திரும்பத் திரும்ப குற்றம் பண்றான்னா அவன் இடத்தை சும்மா குருட்டாம்போக்குல பிடிக்கறதில்ல, சொந்தத் தெருவுல பண்ணா மூஞ்சி தெரிஞ்சுடும்னு கொஞ்சம் தள்ளிப் போவான், ரொம்ப தூரம் போனா சந்துபொந்து தெரியாது, ஓடறதுக்கு வழி தெரியாது, அதனால நடுவுல ஒரு தூரத்துலதான் மேய்வான். ஒவ்வொரு சம்பவத்தையும் சுத்தி அந்த தூரத்துக்கு ஒரு வளையம் போட்டா, வளையங்கள் எங்க ஒண்ணு மேல ஒண்ணு நிறைய விழுதோ அங்க சிவப்பு கலர் ஏறும், அவன் இருப்பிடம் அந்தப் பக்கமா இருக்க வாய்ப்பு அதிகம்னு அர்த்தம். குறைஞ்சது அஞ்சு சம்பவமாவது வேணும்பாங்க.

இதை சாஃப்ட்வேர் வரைக்கும் கொண்டு போனவர் கிம் ராஸ்மோ, கனடா வான்கூவர்ல போலீஸ்காரரா இருந்தவர். 1991ல ஜப்பான் புல்லட் ட்ரெயின்ல போய்க்கிட்டு இருக்கும்போது நாப்கின்ல ஃபார்முலாவை கிறுக்கினாராம், 1995ல டாக்டரேட்டே வாங்கிட்டாரு. நம்ம பம்பாய் லோக்கல் ட்ரெயின் விரார் ஃபாஸ்ட்ல நாப்கினை வெளிய எடுக்கவே கை வராது, அது வேற விஷயம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அமெரிக்கா லூசியானாவுல லஃபாயெட் ஊர் கேஸ். வருஷக்கணக்கா ஒருத்தன் வீடு புகுந்து பெண்களை பலாத்காரம் பண்ணிக்கிட்டு இருந்தான். ராஸ்மோ வந்து ஒரு ஏரியாவைக் குறிச்சுக் குடுத்தாரு, அங்க தேடியும் ஆள் சிக்கல. அப்புறம் யாரோ ஒரு துப்பு குடுத்தாங்க, பார்த்தா அவனே ஒரு ஷெரிஃப் டெபுடி, அதாவது போலீஸ்! அட்ரஸ் பார்த்தா சிவப்புக்கு வெளிய. ஆனா சம்பவம் நடந்த காலத்துல எங்க குடியிருந்தான்னு தோண்டினா அந்த சிவப்புக்குள்ளயே இருந்திருக்கான். அவன் பிடிச்சுப் போட்ட சிகரெட் துண்டுல இருந்த டிஎன்ஏதான் கடைசியில உறுதிப்படுத்துச்சு, 1999ல அரெஸ்ட். இங்கிலாந்துல பெண்களைத் தொடர்ந்து கொன்ன யார்க்‌ஷயர் ரிப்பர் கேஸும் இதே மாதிரிதான், 1980லயே ஸ்டூவர்ட் கைண்ட்னு ஒரு தடயவியல் விஞ்ஞானி இடத்தோட நேரத்தையும் சேர்த்துப் பார்த்தாரு, வீட்டுலேர்ந்து தூரமா போற அன்னைக்கு திரும்பி வரணுமேன்னு சீக்கிரமே தாக்குறான், அப்போ வீடு பிராட்ஃபோர்ட் பக்கம்னு கணக்குப் போட்டாரு. கரெக்ட். ஆனா 1981 ஜனவரியில ஆள் மாட்டுனது ஷெஃபீல்டுல, வண்டி நம்பர் ப்ளேட் செக்கிங்ல.

மேப் ஆளைப் பிடிக்காது, முன்னாடி குவிஞ்சு கிடக்குற ஆயிரம் பேர்ல யாரை முதல்ல விசாரிக்கணும்னு வரிசை போட்டுக் குடுக்கும், அவ்ளோதான்.

இப்ப பம்பாய்க்கு வாங்க. 1960கள்ல இங்க ராமன் ராகவ்னு ஒருத்தன், நம்ம தமிழ்நாட்டு ஆளுதான், ப்ளாட்ஃபார்ம்லயும் குடிசையிலயும் தூங்குறவங்களை அடிச்சே கொன்னான். 1968ல கொலையெல்லாம் வடக்கு புறநகர் பக்கம் நடக்குது, ஆள் மாட்டுனது தெற்கே டோங்ரியில, அலெக்ஸ் ஃபியால்ஹோன்னு ஒரு சப் இன்ஸ்பெக்டர் அடையாளம் கண்டு பிடிச்சாரு. வீடே இல்லாம திரிஞ்சவனுக்கு எதை நடுவுல வச்சு வளையம் போடுவீங்க? வீடு இருக்குறவன் விஷயமும் இந்த ஊர்ல அப்படி இப்படித்தான். கல்யாண்ல படுத்து எந்திரிச்சு தாதர்ல வேலை பாக்குறவனுக்கு நடுவுல இருக்குற முல்லுண்ட் சந்து ஒண்ணுகூட தெரியாது, ஆனா தாதர் ப்ளாட்ஃபார்ம் தண்ணிபட்ட பாடு. இங்க தூரத்தை கிலோமீட்டர்ல அளந்தா வேலைக்காகாது, எந்த லைன், எத்தனை மணி ட்ரெயின்னுதான் அளக்கணும்.

எங்க செம்பூர் சொசைட்டில ஒரு மாமியோட செயினை பைக்ல வந்த ரெண்டு பேர் அறுத்துட்டுப் போயிட்டானுங்க, காலைல கோலம் போட்டுட்டு நிமிர்றாங்க, கழுத்துல சிவப்புக் கோடுதான் மிச்சம். நான் இந்த மாதிரி படிக்கிறவன்னு தெரிஞ்சு, "ஏண்டா, அந்த மேப்ல போட்டுப் பாரேன், எந்தப் பக்கத்துக் கடன்காரன்னு தெரியட்டும்"னாங்க. வாட்ஸப் க்ரூப்ல வந்த மத்த சம்பவங்களையும் வச்சுப் போட்டுப் பார்த்தேன் மாமி, எல்லாம் ஹைவேல ஏறுற வழிக்குப் பக்கத்துலயே விழுது, பைக்காரன் தப்பிக்கிற ரூட்டு தெரியுதே தவிர எங்க தூங்குறான்னு தெரியலைன்னேன். "இதுக்கா இவ்ளோ படிச்சே"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க.

அந்த மேப்ல ஒண்ணு மட்டும் உறுத்துச்சு. செம்பூர், சயன், மாட்டுங்கா, பாந்த்ராவுல புள்ளி வச்சா நடுவுல எது வரும்? தாராவி. நான் பொறந்து வளர்ந்த 90 அடி ரோடு. ரெண்டு சதுர கிலோமீட்டர் சொச்சத்துல பல லட்சம் பேர், அங்க சிவப்பு விழுந்தா அதை வச்சுக்கிட்டு என்ன கிழிக்க முடியும்? வரிசைல வைக்க பைக் நம்பரோ பழைய கேஸ் லிஸ்டோ கையில இல்லாம இதை ஒரு ஸ்டேஷன்ல குடுத்தீங்கன்னா, டீக்கடை வாசல்ல நிக்கிற பசங்களைத்தான் முதல்ல ஜீப்புல ஏத்துவாங்க.